சைலன்சர் மாற்றும் வேலை: 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 போன்ற 1197 சி.சி. பெட்ரோல் வண்டிகளில் பின் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டால் பிக்கப் எகிறும் என்று கடையில் சொல்வார்கள். எகிறாது. டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் புகை போகும் பாதையின் இறுக்கம் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டிலும், அதை ஒட்டி நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும்தான் இருக்கிறது. வாலில் உள்ள கடைசி ஒரு மீட்டரை அகலமாக்கிக் கிடைக்கும் பவர் ஓட்டுபவரின் காலுக்குத் தெரியாது. சத்தம் மாறியதால் வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

இருந்தாலும் மாற்றுவதற்கு உருப்படியான காரணங்கள் உண்டு. கம்பெனி சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம், அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் பல வருடம் கவலையில்லை. அல்லது ஐடிலிங்கில் கொஞ்சம் கனத்த, உருண்டையான சத்தம் வேண்டும் என்ற ஆசை. இரண்டாவது காரணத்துக்காகச் செய்பவர்கள் வேலையில் இறங்குமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் எங்கே பிடிக்கும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமும் புகையும் வரம்பு மீறினால் 190(2): முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது சத்தத்தை அளக்க மாட்டார்கள் என்பதால் அது கையில் இருப்பது இந்த விஷயத்தில் எதற்கும் உதவாது.

ஆக, நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான்: கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் குழாயின் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் சிறு டப்பாவான ரெசனேட்டரையும் தொடாமல், பின் சைலன்சரை மட்டும், ஒரிஜினல் அளவு சத்தத்துக்குள் இருக்கும் ஒன்றால் மாற்றுவது. கன்வர்ட்டரை எடுத்துவிட்டு நேர்குழாய் போடலாம் என்று பட்டறையில் யோசனை சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பி.எஸ்.6 வண்டியில் அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து, பி0420 கோடுடன் செக் எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும். புகைச் சோதனையிலும் தேறாது. அந்த யோசனைக்குப் பின்னால் வேறு ஒரு கணக்கும் இருக்கலாம். கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழைய கன்வர்ட்டருக்கு நல்ல விலை உண்டு. எந்தப் பட்டறையிலும் கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை

சந்தையில் கிடைப்பவை உள்ளமைப்பில் இரண்டு வகை. ஒன்று அறை வகை: உள்ளே தடுப்புத் தகடுகள், புகை இங்கும் அங்கும் திரும்பி வெளியே வரும். கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் இதுதான். மற்றது நேர்வழி வகை: நடுவில் பொடி ஓட்டைகள் போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ ஸ்டீல் உல்லனோ அடைத்திருக்கும். எட்டிப் பார்த்தால் மறுபக்கம் தெரியும்.

நேர்வழி வகை கீச்சென்ற உயர் ஒலிகளை நன்றாக விழுங்கும். அடித்தொனியை அப்படியே விட்டுவிடும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் "ஊம்" என்று காதை அடைக்கும் இரைச்சல் வருவது இதனால்தான். தினசரி ஓட்டும் ஹேட்ச்பேக்குக்கு அறை வகைதான் நல்லது. நேர்வழி வகைதான் வேண்டும் என்றால் உடல் நீளம் குறைந்தது 40 செ.மீ. இருக்கட்டும். கைக்கு அடக்கமான 25 செ.மீ. உருளைகள் பார்க்க அழகாக இருக்கும், சத்தத்தை அடக்காது. சத்தத்தைக் குறைக்க என்று நுனியில் செருகும் "டிபி கில்லர்" ஆணியைக் காட்டி விற்றால் அதையும் நம்ப வேண்டாம், ஒரு போல்ட்டில் நிற்கும் அது ஆறு மாதத்தில் கடகடக்கும்.

உலோகத்தில் ஏமாற்று அதிகம். 304 கிரேட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் ஒட்டாது. ஆனால் கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் போடும் மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தம் மட்டும் சாட்சியாகாது. ஸ்டீல் வியாபாரிகள் ஒரு சொட்டுத் திரவம் விட்டு நிறத்தை வைத்துச் சொல்வார்கள், பத்து நிமிட வேலை. கடலோர ஊர்களில் 202-ல் பழுப்புப் புள்ளிகள் சீக்கிரம் வந்துவிடும். 409 கிரேடில் காந்தம் ஒட்டும், மேலே லேசாகத் துருவும் ஏறும், ஆனாலும் சைலன்சருக்கு அது தரமான உலோகம்தான். கார் கம்பெனிகளே பயன்படுத்துகின்றன. காந்தம் ஒட்டுகிறதே என்று அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். தகடு 1.2 முதல் 1.5 மி.மீ. கனம் இருந்தால் போதும்.

குழாய் விட்டம்: முதலில் ஒரிஜினல் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே அளவு, மிஞ்சிப்போனால் ஒரு படி மேலே. 1.75 அங்குலத்திலிருந்து 2 அங்குலத்துக்குப் போனாலே குழாயின் பரப்பு 30 சதவீதம் கூடிவிடும். 1.5-லிருந்து 2-க்குப் போனால் 78 சதவீதம். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டால் புகையின் வேகம் விழுந்து கீழ் ஆர்.பி.எம்-மில் வண்டி சோம்பலாகும், சத்தம் மட்டும் ஓட்டை டின்னைத் தட்டியதுபோல் வரும். "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேண்டும்" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். உண்மையில் எஞ்சினுக்கு அழுத்தம் தேவையில்லை, வேகம் குறையாத ஓட்டம் தேவை.

கழற்றுமுன்

பழைய சைலன்சருடனேயே சத்தத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட வேறு வழியில்லை. வால்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வாக, வாயின் உயரத்திலேயே மீட்டரையோ போனையோ பிடியுங்கள். நின்ற நிலைச் சோதனையின் முறையும் இதுவே. ஐடிலிங், 2000, 3000, 4000 ஆர்.பி.எம். நான்கிலும் குறித்துக்கொள்ளுங்கள். போன் செயலி சொல்லும் எண் துல்லியமில்லை என்றாலும் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

பிறகு அளவுகள். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே, ஜாக்கி போடுமுன், இவற்றை எடுக்க வேண்டும்: வால்குழாய்க்கும் பம்பருக்கும் இடைவெளி, சைலன்சர் அடிப்பாகத்திலிருந்து தரை உயரம், பின் ஆக்சிலுக்கும் குழாய்க்கும் இடைவெளி. பலர் சறுக்குவது இங்கேதான். பாடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் பின் சக்கரங்கள் தொங்கும், ஆக்சில் குழாயைவிட்டு நன்றாக விலகி நிற்கும். அந்த நிலையில் அளந்து குழாயை ஒட்டினால், வண்டியை இறக்கிப் பின்சீட்டில் மூன்று பேர் ஏறியதும் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஆக்சில் குழாயை இடிக்கும்.

முதல் நாள் இரவே ஃபிளாஞ்ச் (இரண்டு குழாய்களை போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டை விளிம்பு) நட்டுகளில் துரு இளக்கி எண்ணெய் தெளித்துவிடுங்கள், காலையில் இன்னொரு முறை. டபிள்யூ.டி-40 போதும். அவசரப்பட்டு இழுத்தால் துருவேறிய ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத்தண்டு) கழுத்தோடு ஒடியும், பிறகு டிரில் போட்டு எடுக்க அரை நாள் போகும்.

எடுத்து வைக்க வேண்டியவை: இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்குத் தடைக்கட்டை, 12, 14, 17 எம்.எம். சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), புது கேஸ்கெட் (இணைப்பின் நடுவே வரும் கசிவுத் தடுப்பு), சைலன்சரைத் தொங்கவிடும் புது ரப்பர்கள், பேண்ட் கிளாம்ப், கண்ணாடி, தடித்த கையுறை, சோப்புத் தண்ணீர். கேஸ்கெட்டையும் ரப்பரையும் பழையதையே போடலாம் என்று மிச்சம் பிடித்தால் அந்த இரண்டுதான் பிறகு தொல்லை கொடுக்கும்.

கழற்றும் முறை

வண்டி ஓடி நின்று இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குத் தடை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, கையேட்டில் காட்டிய இடங்களில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டில் நின்றதும் பாடியைக் கையால் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள்.

சைலன்சருக்கு அடியில் ஒரு மரக்கட்டையோ பழைய டயரோ வைத்துவிட்டு ஃபிளாஞ்ச் நட்டுகளைத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் வைத்த போல்ட் என்றால் ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ரப்பர்கள். ரப்பரிலிருந்து கம்பி கழல மறுத்தால் சோப்புத் தண்ணீர் விட்டு முறுக்கி இழுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவினால் அப்போதைக்கு வழுக்கும், ஆனால் இந்த ரப்பர்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். வகை. கனிம எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்றாகி, சில மாதத்தில் சைலன்சரைத் தொங்க விட்டுவிடும்.

சில மாடல்களில் நடுக்குழாயும் பின் சைலன்சரும் ஒரே துண்டு. வெட்டித்தான் ஆக வேண்டும். ரெசனேட்டருக்குப் பின்னால், நேராக இருக்கும் பகுதியில், வளைவிலிருந்து குறைந்தது 6 செ.மீ. தள்ளிக் குறியிடுங்கள். கிளாம்ப் உட்கார நேரான இடம் வேண்டும். டேப் சுற்றிக் கோடு போட்டு ஹாக்சாவால் அறுப்பது மெதுவான வேலை, ஆனால் வெட்டு நேராக வரும். ஆங்கிள் கிரைண்டர் பயன்படுத்தினால் தீப்பொறி பறக்கும் திசையில் பெட்ரோல் டேங்கும் பியூயல் லைனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் டேங்க் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். சி.என்.ஜி. வண்டியில் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வெட்டிய வாயின் உட்புறப் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பொருத்துதல்

முதலில் எல்லாவற்றையும் கையிறுக்கத்தில் மாட்டுங்கள். ரப்பர்களில் சைலன்சரைத் தொங்கவிட்டு, குழாயைச் சேர்த்து, இடைவெளிகளைப் பார்த்து, கடைசியில்தான் முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். ஒரு முனையை முறுக்கி இறுக்கிவிட்டு மறுமுனையை இழுத்து ரப்பரில் மாட்டினால் அந்த இழுவிசை முழுவதும் ஃபிளாஞ்சிலும் முன்னால் உள்ள, வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பிலும் போய் உட்காரும். ஃபிளெக்ஸ் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செருகும் இணைப்பில், முன்னால் இருந்து வரும் குழாய் பின்னால் உள்ள குழாய்க்குள் போக வேண்டும். தலைகீழாகச் செருகினால் புகை விளிம்பில் மோதி இணைப்பு வழியே கசியும். செருகும் ஆழம் 40 முதல் 50 மி.மீ. இருக்கட்டும். கடையில் சும்மா கொடுக்கும் யூ கிளாம்ப் குழாயை நசுக்கிப் பள்ளமாக்கிவிடும், அடுத்த முறை கழற்ற வெட்டத்தான் வேண்டும். பட்டையான பேண்ட் கிளாம்ப் வாங்குங்கள். 10 மி.மீ. ஃபிளாஞ்ச் போல்ட்டுக்குப் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. ஸ்பிரிங் போல்ட் அதன் தடித்த தோள் முட்டியதும் நின்றுவிடும், அதற்கு மேல் முறுக்கினால் ஒடியும்.

பம்பரிலிருந்து எல்லாப் பக்கமும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். சூடானதும் குழாய் நீளும் என்பதை மறக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் 304 குழாய் 300 டிகிரி சூடு கூடினால் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். சாதா இரும்பு சுமார் 5 மி.மீ.தான். குளிர்ந்த நிலையில் உரசாமல் இருந்த ஸ்டெயின்லெஸ் வால், அரை மணி ஓட்டத்தில் பம்பரைத் தொட்டு பிளாஸ்டிக்கை உருக்குவது இப்படித்தான். வால்குழாயின் வாய் பம்பர் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். உள்ளே நின்றால் ஹேட்ச்பேக்கின் பின்னால் உருவாகும் காற்றுச் சுழலில் புகை திரும்பி, டிக்கிக் கதவின் ரப்பர் வழியே கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வெல்டிங் தேவைப்பட்டால் துண்டுகளை வண்டியிலேயே புள்ளி வைத்து ஒட்டி, கீழே இறக்கி, வெளியில் வைத்து முழுதாக ஒட்டச் சொல்லுங்கள். புள்ளி வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்கு ஆபத்து. 304-ஐ 304-உடன் ஒட்ட 308எல் கம்பி, 304-ஐப் பழைய சாதா இரும்புக் குழாயுடன் ஒட்ட 309எல். இதைக் கேட்டதும் வெல்டர் விழித்தால் வேறு இடம் பாருங்கள். 1.2 மி.மீ. தகட்டை ஆர்க் வெல்டிங்கில் ஒட்டினால் ஓட்டை விழும், டிக் (TIG) அல்லது மிக் (MIG) வெல்டிங் வேண்டும். டிக் செய்யும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயு ஓடவிட்டால்தான் உட்பக்கத் தையல் சுத்தமாக வரும். விடாவிட்டால் உள்ளே கருகிச் சர்க்கரை மாதிரி பொரிந்து, முதலில் அங்கேதான் விரிசல் விடும்.

புது சைலன்சரின் அடியில் 3 மி.மீ. வடிகால் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது ஆவியாகாமல் சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். "சைலன்சர் ஒழுகுகிறது" என்று பயந்து இந்த ஓட்டையை ஒட்டி அடைத்தவர்கள் நிறைய. ஓட்டை மேல்பக்கமாகப் போய்விட்டால் பொருத்தும் கோணம் தவறு.

சோதனை

எஞ்சினைப் போடாமலேயே முதல் சோதனை செய்யலாம். காற்று ஊதும் வேக்யூம் கிளீனரின் வாயை வால்குழாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். அடுத்து திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். மூடிய ஷெட்டில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். முதல் பத்து, பதினைந்து நிமிடம் எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து வெள்ளைப் புகையும் வாடையும் வரும், பிறகு நின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் குழாய் பொன்னிறமாகி நீலமாவதும் இயல்புதான்.

வண்டியை இறக்கி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, வால்குழாயைப் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டுங்கள். எதிலும் இடிக்கக் கூடாது. நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும். சூடாகி ஆறும் சுற்றில் புது கேஸ்கெட் அமுங்கி, இறுக்கம் கொஞ்சம் விட்டிருக்கும்.

ஊம் என்ற இரைச்சல்

புகார்களில் முக்கால்வாசி இதுதான், விளக்கமாகப் பார்ப்பது தகும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 ஹெர்ட்ஸ். 2400-ல் 80 ஹெர்ட்ஸ். 2024-ல் வந்த ஸ்விஃப்ட் மூன்று சிலிண்டர் என்பதால் அதில் 3000-க்கு 75 ஹெர்ட்ஸ்தான். இந்த அதிர்வு கேபினின் காற்றோடு ஒத்துப்போனால் இரைச்சல் பெருகும். அதனால்தான் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, தாண்டினால் மறைந்துவிடுகிறது.

மீட்டரில் இது சரியாகத் தெரியாது. மீட்டர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும், காதின் கேட்கும் திறனை ஒட்டிய ஏ அளவுகோல் 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபல் குறைத்துக் காட்டும். ஆகவே "டெசிபல் ஏறவில்லையே" என்று கடைக்காரர் காட்டும் எண்ணும் உண்மை, உங்கள் தலைவலியும் உண்மை. அடித்தொனியை அவ்வளவு குறைக்காத சி அளவுகோலுக்கு மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அளந்தால் வெளிப்படும்.

முதலில் ரப்பரும் இடைவெளியும் சரியா என்று பாருங்கள், குழாய் பாடியைத் தொட்டாலே இதே இரைச்சல் வரும். அதிலும் தீரவில்லை என்றால் கால் அலை (ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு) கிளைக்குழாய்தான் மருந்து: நடுக்குழாயிலிருந்து பிரியும், மறுமுனை அடைத்த ஒரு குழாய். கிளைக்குள் புகை ஓடாமல் கொஞ்சம் ஆறியிருக்கும். 125 டிகிரி சூடு என்று வைத்தால் அதற்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 400 மீட்டர். அதை, அடக்க வேண்டிய அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுங்கள். 100 ஹெர்ட்ஸுக்கு 400-ஐ 400-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர். 80 ஹெர்ட்ஸுக்கு 1.25 மீட்டர். விட்டம் நடுக்குழாயின் அளவே. அடைத்த முனையைப் பத்து செ.மீ. முன்பின் நகர்த்தும்படி கிளாம்பில் வைத்து, ஓட்டிப் பார்த்து, இரைச்சல் அடங்கும் இடத்தில் நிலையாக ஒட்டிவிட வேண்டும். ஒரு மீட்டர் குழாய்க்கு அடியில் இடமில்லை என்பது பல ஹேட்ச்பேக்குகளின் நிலைமை. அப்போது நேர்வழி வகையைக் கழற்றிவிட்டு அறை வகைக்குத் திரும்புவதே செலவு குறைந்த வழி.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றுபோனால் ஃபிளாஞ்ச் கேஸ்கெட் கசிகிறது. உலோகம் விரிந்து அடைத்துக்கொள்வதால் மறைகிறதே தவிர சரியாகவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது படபடவென்று வெடித்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது, சைலன்சரை விட்டுவிட்டு முன்பக்க இணைப்புகளைத் தேடுங்கள். அந்தக் கசிவு ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் ஈ.சி.யூ. காற்று அதிகம் என்று ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் விழும். ஒரு வருடம் கழித்து நேர்வழி சைலன்சரின் சத்தம் தகரமாக மாறினால் உள்ளே அடைத்த இழை எரிந்துபோயிருக்கும். மூடியில் ரிவெட்டோ போல்ட்டோ இருந்தால் பிரித்துப் புது இழை அடைக்கலாம், சுற்றிலும் வெல்டிங் செய்து மூடியது என்றால் வேறு வாங்க வேண்டியதுதான்.